கோட்டை, வாள், காதல்... ஸ்காட்லாந்து வீரர்கள் மேல் வாசகிகளுக்கு ஏன் இவ்வளவு பிரியம்?

என் சித்திக்கு 58 வயது. அரசு அலுவலகத்தில் 30 வருடம் ஃபைல் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏதோ ஒரு குடும்ப போட்டோவை எனக்கு அனுப்பிக்கொள்ள அவர் போனை வாங்கினேன். கை தவறி வேறொரு ஆப் திறந்துவிட்டது. வரிசையாக நாவல் அட்டைகள். எல்லா அட்டையிலும் ஏறக்குறைய ஒரே ஆள். மேல்சட்டை கிடையாது. கையில் வாள். இடுப்பில் கட்டம் போட்ட துணி. பின்னால் பனிமூட்டம், அதற்குள் ஒரு கோட்டை.

"என்ன சித்தி இதெல்லாம்?" என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சித்தி போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "கதைதான்டீ. ஸ்காட்லாந்து கதை. நீ போய் பலகாரம் சாப்பிடு."

அப்படிச் சிரித்ததற்கு இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், ஊருக்குத் திரும்பும் ரயிலில் 'அப்படி என்னதான் இருக்கு இதுல' என்று ஒரு நாவலை டவுன்லோடு செய்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தபோது பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. அதன்பிறகு அந்தக் கதைகளையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிஜ வரலாற்றையும் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கதை எப்படி இருக்கும்?

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹைலேண்டர் ரொமான்ஸ்' என்று பெயர். ஹைலேண்ட்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாடு. அங்கே மக்கள் 'க்ளான்' எனப்படும் குலங்களாக வாழ்ந்தார்கள். அந்தப் பகுதியின் கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'பிள்ளைகள்' என்று அர்த்தம். குலத்தின் தலைவனை இந்த நாவல்கள் 'லேர்ட்' என்று அழைக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று பொருள்.

கதை பெரும்பாலும் 12-ம் நூற்றாண்டிலிருந்து 14-ம் நூற்றாண்டுக்குள் நடக்கும். அரசன் கட்டளை, குலப் பகை, சமாதான ஒப்பந்தம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பெண், முன்பின் தெரியாத லேர்டின் கோட்டைக்கு வந்து சேருவாள். அவள் இங்கிலாந்துக்காரியாகவோ, எதிரிக் குலத்துப் பெண்ணாகவோ இருப்பாள். அவன் கல் மாதிரி இருப்பான். சிரிக்க மாட்டான். 300 பக்கத்துக்குள் கல் கரையும்.

இந்த வகையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க எழுத்தாளர் ஜூலி கார்வுட். 1989-ல் வந்த அவருடைய 'தி பிரைட்' நாவலில் ஓர் இங்கிலாந்துப் பெண்ணும் ஓர் ஸ்காட்லாந்து லேர்டும் அரசன் கட்டளையால் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 1992-ல் வந்த 'தி சீக்ரெட்' இன்னும் சுவாரஸ்யமானது. எல்லைத் திருவிழா ஒன்றில் சந்தித்து சிநேகிதிகளான இரண்டு சிறுமிகள். ஒருத்தி இங்கிலாந்து, இன்னொருத்தி ஸ்காட்லாந்து. ஸ்காட்லாந்துச் சிறுமிக்குப் பிரசவம் என்றாலே பயம். 'உன் பிரசவத்துக்கு நான் வந்து கூட இருப்பேன்' என்று மற்றவள் வாக்குக் கொடுக்கிறாள். வளர்ந்த பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவள் ஹைலேண்ட்ஸுக்குக் குதிரை ஏறுகிறாள். காதல் வழியில் வந்து சேருகிறது.

'அவுட்லாண்டர்' பார்த்தவர்கள், 'இது நமக்குத் தெரிந்த கதைதானே' என்பீர்கள். டயானா கேபல்டன் எழுதி 1991-ல் வெளியான அந்த நாவல், 2014-ல் டி.வி தொடராக வந்து உலகம் முழுக்க ஹிட் ஆனது. ஆனால், அதில் வரும் ஜேமி ஃப்ரேசர் 18-ம் நூற்றாண்டு ஆள். நம் லேர்டுகள் அவனுக்கு 400, 500 வருடம் மூத்தவர்கள். இருந்தாலும் ஜேமியைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்த வாசகிகள் ஏராளம்.

இந்த வீரனை உருவாக்கியது யார்?

இதற்கு 200 வருடம் பின்னால் போக வேண்டும். 1810-ல் ஜேன் போர்ட்டர் என்ற பெண் எழுத்தாளர், வில்லியம் வாலஸை நாயகனாக்கி 'தி ஸ்காட்டிஷ் சீஃப்ஸ்' நாவலை எழுதினார். நான்கு வருடம் கழித்து வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' வந்தது. எடின்பரோவின் பெரிய ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் அந்த நாவலின் பெயர்தான். ஸ்காட், வரலாற்று நாவல் என்ற வகைக்கே வழிகாட்டி. கல்கியை அவரோடு ஒப்பிட்டுப் பேசுவது இங்கேயும் பழைய வழக்கம்தான்.

ஸ்காட் எழுத வந்தபோது ஹைலேண்ட்ஸின் குல வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. 1746-ம் ஆண்டு ஏப்ரலில் கல்லோடன் போரில் ஹைலேண்ட் படை நசுக்கப்பட்டது. அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ராணுவத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு ஆண்கள் யாரும் ஹைலேண்ட் உடை உடுத்தக் கூடாது. முதல்முறை மாட்டினால் ஆறு மாதம் சிறை. இரண்டாவது முறை என்றால் ஏழு வருடம் நாடு கடத்தல். 36 வருடம் கழித்து, 1782-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

ஒரு வாழ்க்கை முறை ஆபத்தாக இருந்தவரை அதைத் தடை செய்தார்கள். அது அடங்கிப்போன பிறகு அழகாகத் தெரிந்தது. 1822-ல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, விழா ஏற்பாடுகளைக் கவனித்தவர் வால்டர் ஸ்காட். அரசரே கட்டம் போட்ட டார்டன் துணியில் உடை உடுத்தி நின்றார். பாட்டன் காலத்தில் சிறைக்கு அனுப்பிய உடை, பேரன் காலத்தில் ஃபேஷன் ஆகிவிட்டது. இன்று நாவல் அட்டையில் நிற்கும் அந்த வீரனுக்கு ஆடை அணிவித்தது பெரும்பாலும் இந்த 19-ம் நூற்றாண்டுதான்.

இடைக்காலத்தில் கில்ட்டே கிடையாது!

எனக்குப் பெரிய அதிர்ச்சி இதுதான். நமக்குத் தெரிந்த கில்ட், இடைக்கால ஸ்காட்லாந்தில் இல்லவே இல்லை. நீளமான கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி, பெல்ட் போட்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொள்ளும் உடைக்கு 16-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் சான்றுகள் கிடைக்கின்றன. இப்போது கல்யாணங்களில் போடுகிறார்களே, அந்தக் குட்டை கில்ட் 18-ம் நூற்றாண்டுச் சமாசாரம். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற விதி வந்தது அதற்கும் பிறகு.

அப்படியென்றால் 1300-ல் ஒரு ஹைலேண்ட் வீரன் என்ன உடுத்தியிருப்பான்? முழங்கால் வரைக்கும் வரும் லினன் சட்டை, மேலே ஒரு போர்வை. சண்டைக்குப் போனால் பஞ்சு வைத்துத் தைத்த கனமான அங்கி. மேற்கு ஹைலேண்ட்ஸில் இருக்கும் பழைய கல்லறைச் சிற்பங்களில் அந்த அங்கியோடு வீரர்களை இன்றும் பார்க்கலாம். அட்டைப் படக்காரர்களுக்கு அது சரிப்பட்டு வராது என்பது புரிகிறது!

ஐந்து ஆஸ்கர் வாங்கிய 'பிரேவ்ஹார்ட்' படமும் இதில் சளைத்ததில்லை. 1995-ல் வந்த அந்தப் படத்தில் மெல் கிப்சன் வாலஸாக கில்ட் கட்டி, முகத்தில் நீலச்சாயம் பூசிக்கொண்டு வருவார். ஸ்டிர்லிங் பாலத்தில் நடந்த போர், படத்தில் பாலமே இல்லாமல் நடக்கும். பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவோடு வாலஸுக்குக் காதல் வரும். 1305-ல் வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டபோது அந்த இளவரசிக்குப் பத்து வயதுதான் இருக்கும். அவர் கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்ததே 1308-ல்தான்.

அட்டையில் வரும் கோட்டை? ஸ்காட்லாந்து போஸ்ட்கார்டுகளில் தவறாமல் இடம்பிடிக்கும் எலன் டோனன் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1719-ல் அரசுக் கடற்படை அதைத் தகர்த்தது. 200 வருடம் இடிபாடாகவே கிடந்தது. இன்று நாம் பார்ப்பது 1932-ல் கட்டி முடித்த கோட்டை.

உடை தப்பு, கோட்டை புதுசு. பிறகு எதைத்தான் வாசகிகள் நம்புகிறார்கள்? அதற்கான பதில் எனக்கு ஒரு கூண்டில் கிடைத்தது.

கோபுரத்தில் ஒரு கூண்டு

1306-ம் ஆண்டு மார்ச் மாதம். ஸ்கோன் என்ற ஊரில் ராபர்ட் புரூஸ் தன்னை ஸ்காட்லாந்தின் அரசனாக அறிவித்துக்கொள்கிறார். ஸ்காட்லாந்து மரபுப்படி, அரசனை அரியணையில் அமர்த்தும் உரிமை மக்டஃப் குடும்பத்துக்கு உண்டு. அந்தக் குடும்பத்தின் வாரிசு சிறு பையன். அவனும் இங்கிலாந்தின் பிடியில். அவன் சகோதரி இசபெல்லா, பக்கன் பிரபுவின் மனைவி. அவள் கணவனின் உறவினர் ஒருவரைத்தான் சில வாரங்களுக்கு முன்னால் புரூஸ் தேவாலயத்தில் குத்திக் கொன்றிருந்தார். கணவன் புரூஸின் பரம எதிரி.

இருந்தும் இசபெல்லா ஸ்கோனுக்கு வந்தாள். முடிசூட்டு விழா முடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. அவளுக்காகவே சடங்கை இன்னொரு முறை நடத்தினார்கள். தன் குடும்ப உரிமைப்படி புரூஸை அரியணையில் அமர்த்தினாள்.

சில மாதங்களில் புரூஸ் தோற்று ஓடுகிறார். அவர் மனைவி எலிசபெத், முந்தைய மனைவிக்குப் பிறந்த சிறுமி மார்ஜரி, சகோதரிகள் மேரி, கிறிஸ்டினா, கூடவே இசபெல்லா ஆகியோர் டெய்ன் என்ற ஊரின் புனிதத் தலத்தில் அடைக்கலம் தேடியபோது பிடிபடுகிறார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு கொடுத்த தண்டனை இது: பெரிக் கோட்டையின் கோபுரத்தில் மரமும் இரும்பும் கொண்டு ஒரு கூண்டு. அதற்குள் இசபெல்லா. ஸ்காட்லாந்துக்காரர் யாரும் அவளோடு பேசக் கூடாது. புரூஸின் சகோதரி மேரிக்கு ராக்ஸ்பரோ கோட்டையில் இன்னொரு கூண்டு. மார்ஜரிக்கும் லண்டனில் கூண்டு தயாரானது. பிறகு மனம் மாறி, அந்தச் சிறுமியைக் கன்னிமாடத்துக்கு அனுப்பினார்கள். எலிசபெத் எட்டு வருடம் கைதி.

இசபெல்லா அந்தக் கூண்டில் நான்கு வருடம் இருந்தாள். 1310-ல் அவளை ஒரு மடத்துக்கு மாற்றினார்கள். 1313-ல் வேறொரு பிரபுவின் காவலுக்கு அனுப்பினார்கள். 1314-ல் பேனக்பர்ன் போரில் புரூஸ் ஜெயித்தார். சிறைப்பட்ட பிரபுக்களைக் கொடுத்து மனைவியையும் மகளையும் சகோதரிகளையும் மீட்டார். திரும்பி வந்தவர்களில் இசபெல்லாவின் பெயர் இல்லை. 1313-க்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

ஒரு அரசனுக்கு முடிசூட்டிய பெண்ணின் கதை இப்படி பாதியில் நின்றுபோகிறது.

நாவல் தொடங்கும் இடம்

அமெரிக்க எழுத்தாளர் மோனிகா மெக்கார்ட்டி சட்டம் படித்தவர். புரூஸுக்கு ஒரு ரகசிய வீரர் படை இருந்ததாகக் கற்பனை செய்து 2010-லிருந்து 'ஹைலேண்ட் கார்டு' என்ற நாவல் வரிசையை எழுதினார். அதில் 2011-ல் வந்த 'தி வைப்பர்' நாவலின் நாயகி, இதே இசபெல்லா. கூண்டு உண்டு. ஆனால், கதை அங்கே நிற்காது. அவளை மறக்காத ஒருவன் இருக்கிறான். அவளுக்கென்று ஒரு வாழ்க்கை மீதம் இருக்கிறது.

'நடக்கவே இல்லாத ஒன்றை எழுதி என்ன பயன்?' என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான். ஆனால், இந்த வகை நாவல்களுக்கு ஒரே ஒரு கறாரான விதி உண்டு. முடிவு நல்லதாக இருக்க வேண்டும். இடையில் போர், பஞ்சம், பகை என எது வந்தாலும் நாயகி கைவிடப்பட மாட்டாள். அவளுக்கு என்ன ஆனது என்பதை ஆசிரியர் சொல்லியே தீர வேண்டும். ஆவணங்களிலிருந்து காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றிப் படித்த பிறகு, அந்த விதி எனக்கு அசட்டுத்தனமாகத் தெரியவில்லை.

லேர்டின் ஈர்ப்பும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் சொத்துள்ள ஒரு பெண் தந்தையை இழந்தால், அவளுடைய கல்யாணத்தைத் தீர்மானிக்கும் உரிமை அரசனுக்கோ மேல்பிரபுவுக்கோ போய்விடும். அந்த உரிமையைப் பணத்துக்கு விற்கவும் செய்வார்கள். தேவாலயச் சட்டப்படி இருவர் சம்மதமும் இருந்தால்தான் கல்யாணம் செல்லும். ஏட்டில் இருந்தது அது. நடைமுறையில் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

நாவலில் வரும் லேர்ட், கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஆள். அவன் சொன்னால் குலமே கேட்கும். அப்படிப்பட்டவன் ஓர் இடத்தில் நின்று, 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்கிறான். அவள் 'இல்லை' என்றால் காத்திருக்கிறான். தோள்பலம் படத்துக்கு. வாசகியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கேள்வி.

ஸ்காட்லாந்து இதற்குப் பொருத்தமான களமாக அமைந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. இருவர் ஒருவரையொருவர் கணவன், மனைவி என்று மனமொத்துச் சொல்லிக்கொண்டாலே கல்யாணம் என்பதை அந்த நாட்டுச் சட்டம் மிக நீண்ட காலம் ஏற்றுக்கொண்டது. 1939-ல் வந்த சட்டம்தான் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கல்யாணச் சட்டம் கடுமையானபோது, காதலர்கள் எல்லை தாண்டி ஓடி வந்து கைபிடித்த ஊர், ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன்.

அடுத்து, நாயகிகள். இந்த நாவல்களில் வரும் பெண்கள் வைத்தியம் பார்ப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள், கோட்டையைக் காப்பார்கள். 'ரொம்ப ஓவர்' என்று தோன்றினால், 1338-ம் ஆண்டு டன்பார் கோட்டைக்குப் போய் வாருங்கள். கணவன் ஊரில் இல்லாதபோது ஆங்கிலேயப் படை வந்து முற்றுகையிட்டது. கோட்டையில் இருந்தவர் ஆக்னஸ் என்ற பிரபுவின் மனைவி. 'கறுப்பு ஆக்னஸ்' என்று வரலாறு அழைக்கிறது. எதிரிகள் பெரிய கற்களை எறிந்து மதிலைத் தாக்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஆக்னஸின் பணிப்பெண்கள் மதில்மேல் வந்து நின்று, வெள்ளைத் துணியால் தூசி தட்டினார்களாம்! ஐந்து மாதம் பார்த்துவிட்டு எதிரிப்படை திரும்பிப் போனது. புரூஸின் சகோதரி கிறிஸ்டினாவும் 1335-ல் கில்ட்ரம்மி கோட்டையைக் காத்து நின்றவர்தான். சிறைப்பட்டுத் திரும்பிய அதே கிறிஸ்டினா.

குறையே இல்லையா?

இருக்கிறது. 1970-களில் வந்த வரலாற்றுக் காதல் நாவல்கள் பலவற்றில், நாயகன் பலவந்தம் செய்வதையே காதல் என்று எழுதினார்கள். 1972-ல் வந்து பெரும் வெற்றி பெற்ற கேத்லீன் வுடிவிஸின் 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' அதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம். ஸ்காட்லாந்துக் கதைகளிலும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யும் காட்சிகள் வந்துகொண்டே இருந்தன. வாசகிகளே அதைக் கேள்வி கேட்டார்கள். அடுத்து வந்த எழுத்தாளர்கள் மாற்றி எழுதினார்கள். பழைய நாவல் ஒன்றை எடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். வீட்டில் டீன் ஏஜ் பிள்ளைகள் படித்தால், இதைப் பேசுவதற்கு ஒரு வாய்ப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். பல நாவல்களில் அந்தரங்கக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும் என்பதால், வயதுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குறை, ஹைலேண்ட் மனிதனை எப்போதும் முரடனாக, படிக்காதவனாகக் காட்டுவது. கேலிக் மொழிக்குப் பழைமையான கவிதை மரபு உண்டு. குலத்துக்கென்று பரம்பரைப் பாவலர்களும் வைத்தியர்களும் இருந்தார்கள். 'லாஸ்' என்று நாயகியை அழைத்துவிட்டு வாளை உருவுவதோடு அந்த உலகம் முடிந்துவிடவில்லை.

"அவன் கேட்கிறான்ல..."

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு சித்திக்கு போன் செய்தேன். இசபெல்லாவின் கூண்டைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தப் பொண்ணு நிஜமா இருந்தவளா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நான் கேட்டேன். "சித்தி, உங்களுக்கு ஏன் இந்தக் கதைங்க பிடிக்குது?"

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எனக்கு 20 வயசு. காபி குடுத்துட்டு உள்ள போயிட்டேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்த அப்புறம்தான் எனக்கே தெரியும். உங்க சித்தப்பா நல்ல மனுஷன், குறையே சொல்ல மாட்டேன். ஆனா, அன்னிக்கு யாரும் என்னைக் கேட்கல. இதுல அவன் கேட்கிறான்ல, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிப்பேன்" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே பேச்சை மாற்றினார். "சரி, அந்தக் கூண்டுப் பொண்ணோட கதைன்னு சொன்னியே... புத்தகம் பேரு என்ன? வாட்ஸ்அப்ல அனுப்பு."

அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் முடித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: "வெளியே வந்துட்டா."